ஒன்பது நாள் தவிர

மகள் வீட்டில் பாத்திரம் கழுவுவது அப்பாவின் வேலை. யாரும் சொல்லவில்லை, ஓய்வு பெற்று இங்கே வந்த மறுநாளே தானாகத் தொட்டிப் பக்கம் போய் நின்றுகொண்டார். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் மிச்சமிருந்தால் சட்டென்று கொட்டமாட்டார். கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, நீர்மட்டத்தின் அடிவளைவைப் பார்த்துவிட்டுத்தான் கொட்டுவார்.

"எத்தனை மில்லிமீட்டர் மாமா?" என்பார் மருமகன். தினமும் அதே கேலி. அப்பாவும் தினமும் பதில் சொல்வார்.

முப்பத்தோரு வருடம் மழை அளந்தவர். ஊருக்கு வெளியே, வேலி போட்ட புல்தரையில் இருந்த மழைமானியைக் காலை எட்டரைக்குத் திறந்து, உள்ளே சேர்ந்த நீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஊரில் அவருக்கு 'எட்டரை' என்றே பெயர். சொந்தக் கல்யாணத்தன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவர் என்பார்கள். அது பொய். முக்கால் சாப்பாடு முடிந்திருந்தது.

அந்தப் பதிவேடுகளை வைத்து ஒரு பேராசிரியை ஆய்வுக் கட்டுரை எழுதினார். அது வெளிவந்த இதழோ, சந்தா கட்டியவருக்கு மட்டும் கதவு திறக்கும் ரகம். அளந்தவருக்கே படிக்கக் கிடைக்கவில்லை. பதினொரு வருடம் கழித்துப் போன மாதம் பேராசிரியை தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஐயா, பூட்டைத் திறந்தாச்சு! பொதுப் பணத்துல செஞ்ச ஆராய்ச்சிய எல்லாரும் இலவசமாப் படிக்கணும்னு இப்ப எங்க பல்கலைக்கழகத்துல விதி வந்திருக்கு. நீங்க தினம் எழுதின அளவையும் அட்டவணையாப் போட்டிருக்கேன். யாரு வேணாலும் பார்க்கலாம்."

மருமகன் கட்டுரையை அச்செடுத்து வந்தார். இரண்டாம் பக்கத்தில் இருந்தது அந்த வரி: 'முப்பத்தோரு ஆண்டுகளில் ஒரு நாள்கூட விடுபடவில்லை.' அப்பா அதை விரலால் தடவிப் பார்த்தார். இரண்டு நாள் அவர் நடையே மாறிப்போயிருந்தது.

மூன்றாம் நாள், மகள் செல்போனில் அட்டவணையைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே அவர் அறைக்கு வந்தாள்.

"அம்மா ஆஸ்பத்திரியில கிடந்த ஒன்பது நாளும் கூடவே இருந்தேன்னு சொல்லுவீங்களே? ஒன்பது நாளும் எட்டரைக்கு மழை அளந்திருக்கீங்க. அம்மா போன அன்னிக்குக்கூட. பதினாலு மில்லிமீட்டர்."

"அதெல்லாம் அளக்காம நானாப் போட்டதும்மா."

"சித்தி அப்பவே சொன்னாங்க. 'உங்கப்பா எங்கக்காவைக் கட்டல, மழையத்தான் கட்டிக்கிட்டாரு'ன்னு."

அந்த ஒன்பது நாளில் மகளுக்கு வயது எட்டு. சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். நடந்தது அப்பா சொன்னதுதான். ஆஸ்பத்திரி அரைநாள் பயணத் தொலைவு. மனைவியின் கட்டிலருகே போட்ட முக்காலியைவிட்டு அவர் நகரவில்லை. மூன்றாம் நாள் அவள், "பாப்பாவக் கூட்டிட்டு வாங்க" என்றாள். "நாளைக்கு" என்றார். மூக்கில் குழாயோடு கிடப்பதைக் குழந்தை பார்க்க வேண்டாம், கொஞ்சம் தேறட்டும் என்று நினைத்தார். அவள் தினமும் கேட்டாள். அவரும் தினமும் நாளைக்கு என்றார்.

எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது மானியில் ஒன்பது நாள் மழையும் ஒன்றாய்ச் சேர்ந்து கிடந்தது. மொத்தத்தை அளந்தார். என்றைக்குக் கனமழை, என்றைக்குத் தூறல் என்று பால்காரரைக் கேட்டு, ஒன்பதாகப் பங்கு போட்டு எழுதிக் கையெழுத்திட்டார்.

அவர் சொன்னதை நம்பாத மகள் அன்றிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டாள். மருமகனும் மில்லிமீட்டர் கேட்பதை விட்டுவிட்டார். தட்டு வைக்கும் சத்தம்தான் அந்த வீட்டில் அப்பாவோடு பேசியது. ஐந்தாம் நாள் அவர் பேராசிரியையைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார்.

"மொத்தம் சரிதானே ஐயா? விட்டுடுங்க. ஒரு நாளும் தவறலங்கிறதுதான் கட்டுரைக்கே பலம். இத்தனை வருஷம் கழிச்சு யாரு கண்டுபிடிக்கப் போறாங்க?"

"யாரு வேணாலும் பார்க்கலாம்னு நீங்கதானேம்மா சொன்னீங்க."

"சரி, எழுதிக் குடுங்க" என்றார் பேராசிரியை.

இரண்டு வாரத்தில் கட்டுரையின் தலைப்பகுதியில், உலகமே பார்க்கும்படி, திருத்தம் ஏறியது. அட்டவணையில் ஒன்பது கட்டங்களில் வெறும் கோடு. இரண்டாம் பக்க வரி, 'ஒன்பது நாள் தவிர ஒரு நாள்கூட விடுபடவில்லை' என்றாகியிருந்தது. கீழே சிறிய எழுத்தில்: 'அந்நாட்களில் அளவீட்டாளர் மனைவியுடன் மருத்துவமனையில் இருந்தார். அவரே தெரிவித்தது.'

மருமகன் அச்செடுத்த தாளை அப்பா மகளிடம் நீட்டினார். அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு அவர் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்ப நீங்க அம்மா கூடத்தான் இருந்திருக்கீங்க."

"ம்."

தாளை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அப்பா, அம்மா என்னைக் கேட்டாங்களா?"

மேசைமேல் டம்ளரில் ஒரு விரல்கடை தண்ணீர் இருந்தது. அப்பா அதை எடுத்தார். கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்க்கவில்லை. கையில் பிடித்தபடியே அறையைவிட்டு வெளியே போனார்.