பிளிமத்துக்கு ஃபைபர் அடித்தவர்

பழவேற்காட்டில் படகில் ஓட்டை விழுந்தால் கொண்டுபோய் நிறுத்துகிற இடம் அந்தோணிசாமியின் கொட்டகை. முப்பது வருடமாக ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவர். ரெசின் பசையைக் கலக்கி, கண்ணாடி நார்ப் பாயை அளவாக வெட்டி வைத்து, பிரஷ்ஷால் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றி அவர் ஒரு ஒட்டுப் போட்டால், படகு உடைந்தாலும் ஒட்டு உடையாது என்று ஊரில் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால் அந்த மிகையை நம்பித்தான் நூற்றுச் சொச்சம் பேர் தினமும் முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போனார்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு அமெரிக்கக் காரோடு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இல்லைதான். வினை ஐஸ் ஃபேக்டரி இளங்கோவன் வழியாக வந்தது.

இளங்கோவனின் அப்பா இறால் வியாபாரி. ஐம்பத்து நாலாம் வருட மாடல் பிளிமத் ஒன்றை யாரிடமோ பழசாக வாங்கி, அதில்தான் பொன்னேரி ஸ்டேஷனுக்கு இறால் கொண்டுபோவார். டிக்கியில் ஆறு கூடை தாராளமாக உட்காரும். சாலை நெடுக ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் வண்டியின் அடித்தகட்டில் சொட்டிக்கொண்டே போகும். அவர் காலமான பிறகு வண்டி ஃபேக்டரிக்குப் பின்னால், ஏரிக்காற்றில், இருபது வருடம் சும்மா நின்றது. பத்து வருடத்துக்கு முன்னால்தான் இளங்கோவனுக்கு அப்பாவின் காரை ஓட்டிப் பார்க்கும் ஆசை வந்தது.

இன்ஜின் தகராறு பண்ணவில்லை. புதுப்பேட்டையிலிருந்து வந்த மெக்கானிக் நாலே நாளில் அதை உறும வைத்துவிட்டான். பாடிதான் போயிருந்தது. பொன்னேரி டிங்கர் சுரேஷ் வந்து, கீழே படுத்து, ஸ்குரூ டிரைவரால் அங்கங்கே தட்டிப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"அடித்தகடு பூரா போச்சு சார். வெட்டி எறிஞ்சிட்டு புதுத் தகடு வெச்சிப் பத்தவெக்கணும். ஆறு மாசம் ஆவும்."

இளங்கோவன் முகம் சுண்டிப்போனது. பக்கத்தில் நின்றிருந்த அந்தோணிசாமி யாரும் கேட்காமலே வாயைத் திறந்தார்.

"இன்னாத்துக்கு மொதலாளி வெட்டணும்? தண்ணி உள்ள போவாம நான் ஃபைபர் அடிச்சித் தரேன். போட்டே கடல்ல தாங்குது, காரு ரோட்ல தாங்காதா?"

எல்லாரும் சிரித்தார்கள். நியாயமாகத்தான் பட்டது. "அண்ணே, இது இரும்புண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு சுரேஷ் பையைத் தூக்கிக்கொண்டு போனான். அவன் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

படகுக்காரனுக்குப் பகை வெளியே இருக்கிறது. தண்ணீர் வெளியிலிருந்து வருகிறது, வருகிற வழியை அடைத்துவிட்டால் உயிர் பிழைத்தது. இரும்பின் கதை வேறு. அது குடித்த உப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. மேலே மூடிவிட்டால் உள்ளே இருட்டில் உட்கார்ந்து நிதானமாகத் தின்னும். டிங்கர் வேலையில் இது அரிச்சுவடி. அந்தோணிசாமி படித்ததோ வேறு பள்ளிக்கூடம்.

இரண்டே மாதத்தில் வேலை முடிந்தது. மேலே நீலம், கீழே பாலாடை நிறம், முன்னால் கிரில்லில் முலாம் பூசிய பல்வரிசை. ஏரிக்கரைச் சாலையில் வண்டி மெல்ல வந்தபோது வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அன்று அந்தோணிசாமிக்குப் பிடித்த பைத்தியம் பிறகு தெளியவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே காரிடம் போவார். பானெட்டைத் திறந்து ஆயில் பார்ப்பார். ஆறு வோல்ட் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவார். முலாம் கறுக்காமல் இருக்க மண்ணெண்ணெய்த் துணியால் ஒவ்வொரு பல்லாகத் துடைப்பார். அவர் பெயரே பிளிமத் அந்தோணி என்று ஆயிற்று. ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு டாட்ஜும் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு செவ்ரோலெட்டும் கொட்டகை தேடி வந்தன. படகுகள் வெளியே வெயிலில் காத்திருந்தன.

"போட்டப் பாத்தா மூஞ்சி சுருங்குது, காரப் பாத்தா பல்லு தெரியுது இந்தாளுக்கு" என்று மனைவி பிலோமினா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

ஆறாவது வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிரைவர் பக்கக் கதவுக்குக் கீழே பெயின்ட் ஒரு இடத்தில் கொப்புளமாக உப்பியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினார். அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம். சிவப்பாகத் தண்ணீர் கசிந்தது. குந்தி உட்கார்ந்து அதை விரலில் தொட்டுப் பார்த்தார். சுரேஷ் சொன்னது அப்போதுதான் அவருக்கு முழுசாகப் புரிந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். இளங்கோவன் கத்தியிருப்பார், வைதிருப்பார். ஆனாலும் தகட்டை மாற்றி வண்டியைக் காப்பாற்றியிருக்கலாம். அந்தோணிசாமி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, கொப்புளத்தைச் சுரண்டி, மேலே இரண்டு அடுக்கு ஃபைபர் அடித்து, பெயின்ட் பூசினார். கேட்டவரிடம் பெயின்ட் மட்டமான சரக்கு என்றார். அடுத்த வருடம் இரண்டு இடம். அதற்கடுத்த வருடம் எண்ணவில்லை. பொய் பேசிப் பழக்கமில்லாத மனிதர்தான். முப்பது வருடம் படகு அவருக்குச் சோறு போட்டது, கார் ஒரு பட்டம் கொடுத்தது. அந்தப் பட்டத்தை இழக்க அவருக்குத் துணிச்சல் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

போன ஜனவரியில் சென்னையில் பழைய கார்களின் கண்காட்சி. இளங்கோவன் பிளிமத்தைக் கொண்டுபோனார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அந்தோணிசாமி முன்சீட்டில் உட்கார்ந்து போனார். வண்டிகளைச் சோதிக்கிற பெரியவர் ஒருவர் கைக்குட்டையில் சுற்றிய காந்தத்தோடு வந்தார். கூரையில் வைத்தார், ஒட்டியது. பானெட்டில் ஒட்டியது. கதவுக்குக் கீழே வைத்ததும் கழன்று தரையில் விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. பெரியவர் முட்டிபோட்டுக் குனிந்து ஸ்குரூ டிரைவரை உள்பக்கமாகச் செருகினார். வெந்த கிழங்கில் இறங்குவது போல இறங்கியது.

"யாருங்க இத செஞ்சது? உள்ள இரும்பே இல்லையே" என்றார் அவர், வருத்தமாகவே. "இத ஓட்டிக்கிட்டுத் திரும்பிப் போகாதீங்க. ஒரு பள்ளத்துல இறங்கினா ரெண்டா மடங்கிடும்."

பிளிமத் லாரியில் ஊர் திரும்பியது.

மறுநாள் காலை ஐஸ் எடுக்கப் படகுக்காரர்கள் ஃபேக்டரி வாசலில் நின்றிருந்தார்கள். இளங்கோவன் அந்தோணிசாமியை அங்கே வைத்துத்தான் கேட்டார். கத்தவில்லை.

"உனுக்கு எப்பத்தில இருந்து தெரியும்?"

"நாலு வருசமா மொதலாளி."

"நாலு வருசமா தெரிஞ்சேதான் மேல மேல அடிச்சிக்கினு இருந்தியா?" இளங்கோவன் வாசலில் நின்றவர்களை ஒரு தடவை பார்த்தார். "போட்டுக்கும் இப்டித்தான் அடிக்கிறியா அந்தோணி?"

"போட்டு வேற மொதலாளி."

அது சத்தியமான வார்த்தை. ஆனால் நாலு வருடம் மறைத்தவன் வாயிலிருந்து வந்த சத்தியம். ஐஸ் உடைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோதும் எல்லாருக்கும் எல்லாம் கேட்டது.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இங்கே ஊர் வாயையே திறக்கவில்லை. திறந்திருந்தால் பதிலாவது சொல்லியிருக்கலாம். ஒட்டுப் போடவேண்டிய படகை வைத்திருந்த முனியன், "வல வேல கீதுணா, அப்பால பாத்துக்கலாம்" என்றான். டேவிட் தன் படகைக் குட்டி லாரியில் ஏற்றி, ஒட்டுப் போடக் காசிமேட்டுக்குக் கொண்டுபோனான். எதிரே வந்தவர்கள் முன்னைவிட மரியாதையாகப் பேசினார்கள். அந்த மரியாதைதான் அவரைக் கொன்றது.

காலிக் கொட்டகையில் உட்கார்ந்து, தான் ஒட்டிய படகுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்க ஆரம்பித்தார். எல்லாப் படகிலும் இன்ஜின் மாட்டுகிற பின்பலகை மரம். மரத்துக்கு மேல் ஃபைபர். மரம் ஈரமாக இருக்கும்போது மூடினால் அதுவும் உள்ளுக்குள் உளுத்துப்போகும், இன்ஜின் நடுக்கடலில் கழன்று விழும். அதனால் மூன்று நாள் வெயிலில் காயவைத்துத்தான் மூடுவார். எப்போதும் அப்படித்தான். எப்போதுமா? மகன் ஆல்வினின் படகுக்குப் போன வருடம் பின்பலகை வேலை செய்தபோது மீன்பிடித் தடைக்காலம் முடிய நாலே நாள் பாக்கி. கொட்டகையில் அந்த செவ்ரோலெட் வேறு நின்றிருந்தது. மூன்று நாள் காயவைத்தாரா, இரண்டு நாளா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அந்தப் படகில் ஆல்வினோடு சேர்த்து நாலு பேர் போகிறார்கள்.

சந்தேகத்தை மகனிடம் சொன்னார். "நல்லாத்தான் ஓடிக்கினு கீது நைனா, வுடு" என்று அவன் சாப்பிட உட்கார்ந்தான்.

அவரால் விட முடியவில்லை. மறுநாள் படகு கரையேறியபின், ஆல்வின் இன்ஜினைக் கழற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனதும் கட்டிங் மெஷினோடு போய் நின்றார். பிலோமினா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"இன்னாய்யா பண்ற? புள்ள தொழில் பண்ற போட்டுய்யா அது."

"ஒரு தபா பாத்துட்றேன் பிலோ."

உள்ளங்கை அகலத்துக்குச் சதுரமாக அறுத்து, ஃபைபரைப் பெயர்த்து எடுத்தார். உள்ளே மரம் வெளுப்பாக, உலர்ந்து, அறுப்பு மில்லிலிருந்து அன்றைக்குத்தான் வந்தது போல இருந்தது. நகத்தால் கீறினார், இறங்கவில்லை. சுத்தியால் தட்டினார், கணீரென்றது. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டார்.

"வந்து பாருங்கப்பா. காஞ்ச கட்ட. கை வெச்சிப் பாருங்க."

முனியன் வந்து தொட்டுப் பார்த்தான். "நல்லா கீதுணா" என்று சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பினான். மற்றவர்கள் எழுந்திருக்கவில்லை.

சேதி கேட்டு ஆல்வின் வந்தபோது அந்தோணிசாமி சிரித்தபடி நின்றிருந்தார். "பாத்தியாடா?"

ஆல்வின் மரத்தை விரலால் தடவினான். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அவனுக்குக் கோபமில்லை. கோபம் வந்திருந்தால் தேவலை.

"நல்லாத்தான் கீது. ஆனா அறுத்துப் பாக்குற வரிக்கும் உனுக்கே தெரியலயே நைனா. நீ அடிச்ச ஃபைபர நீயே நம்பல. அப்பறம் நாங்க எப்டி நம்புறது?"

பெயர்த்து எடுத்த துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

இரண்டு நாள் படகு கரையிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் ஆல்வின் காசிமேட்டிலிருந்து ஒரு ஆளை பைக்கில் கூட்டிக்கொண்டு வந்தான். உச்சி வெயில். அந்த ஆள் ரெசினை மக்கில் ஊற்றி, அதை இறுகவைக்கிற ஹார்டனரைக் கலக்கினான். கொஞ்சம் அதிகமாக ஊற்றினான். வெயில் நேரத்தில் அவ்வளவு ஊற்றினால் ஒட்டு சீக்கிரம் இறுகும், கண்ணாடி மாதிரி உடையவும் செய்யும். தள்ளி நின்றிருந்த அந்தோணிசாமி கிட்டே வந்தார்.

"கம்மியா ஊத்துப்பா. வெயிலு ஜாஸ்தியா கீது. வெடிப்பு வுட்டுடும்."

காசிமேட்டுக்காரன் கையை நிறுத்தி ஆல்வினைப் பார்த்தான்.

ஆல்வின் அப்பா பக்கம் திரும்பவில்லை. "நீ ஊத்துணா" என்றான்.