பழவேற்காடு போய்வர 110 கிலோமீட்டரும், கழற்றத் தயங்கிய காலும்

நின்றிருந்த முப்பது சைக்கிள்களில் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு பெடல்தான். இடது பெடலின்மேல் பழைய டியூபை வெட்டி வளையமாக மாட்டியிருந்தார்கள். செயற்கைக் காலுக்குப் பெடல் எங்கே இருக்கிறது என்று தெரியாது, அழுத்தும்போது வழுக்கிவிடும். அதற்காக அந்த வளையம். எனக்கு இல்லாதது வலது கால். எனக்கும் ஒன்று வேண்டுமென்று கேட்கக் கூச்சப்பட்டு நின்றேன். அந்தச் சைக்கிளுக்குச் சொந்தக்காரரான ஸ்டெல்லா அக்காவே இன்னொரு துண்டை வெட்டி என் பெடலில் மாட்டிவிட்டார். இரண்டு நாளும் அவர்தான் எனக்கு ஜோடி.

2008 பிப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறு. ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து பழவேற்காடு போக 55 கிலோமீட்டர், வர 55. கால் இழந்த பிள்ளைகளுக்குச் செயற்கைக் கால் வாங்கிக்கொடுக்க நிதி திரட்டும் பயணம். பிள்ளைகள் வளர வளரக் காலையும் மாற்றவேண்டும். என் முதல் கால் இப்படி யாரோ மிதித்துச் சேர்த்த பணத்தில் வந்தது. அதனால் பேர் கொடுத்தேன்.

எனக்குப் பதினேழு வயது. எட்டாம் வகுப்பில் விபத்து, அதோடு பள்ளிக்கூடம் நின்றது. இப்போது டோல்கேட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் ஜெராக்ஸ் எடுக்கிறேன். நாள் முழுக்க நின்று செய்யும் வேலை. போன வருடம், வெட்டியதுபோக மிச்சமிருக்கும் வலது காலில் புண் வந்து இரண்டு மாதம் செயற்கைக் காலை மாட்ட முடியவில்லை. அப்போது இருந்த வேலை போய்விட்டது. இந்த முறையும் புண் வந்தால் இந்த வேலையும் போய்விடும் என்று அம்மா பயந்தாள். எனக்கும் அதே பயம்தான்.

சனிக்கிழமை காலை 5.40க்குக் கிளம்பினோம். எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி வழி. வழியில் டீ மூன்று ரூபாய், சாப்பாடு பயணத்தை நடத்தியவர்களே கொடுத்தார்கள். கிளம்புமுன் சைக்கிள் சர்வீசுக்கு 85 ரூபாய் ஆனது, அவ்வளவுதான் என் செலவு. மாலை 3.15க்கு ஏரி தெரிந்தது.

ஒரே ஒரு கட்டாய விதி. பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று, காலைக் கழற்றி, உள்ளே தேங்கிய வியர்வையைத் துடைத்து, சாக்ஸ் மாற்றவேண்டும். எல்லோரும் ரோட்டோரத்திலேயே செய்தார்கள். அந்நியர் முன்னால் நான் கழற்றியதே இல்லை. முதல் நாள் முழுக்கக் கழிப்பறை தேடிப் போய்க் கழற்றினேன்.

ஞாயிறு காலை 6 மணிக்குத் திரும்பினோம். பொன்னேரியில் ஒரு பள்ளிக்கூடக் கழிப்பறை கிடைத்தது. மீஞ்சூரில் நின்றது டீக்கடை வாசலில், எண்ணூரில் கடலோரக் கல்மேட்டில். இரண்டு இடத்திலும் மறைவு இல்லை. "நீ கயட்டலையா?" என்று அக்கா கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினேன். அவர் அதை என்னவாக எடுத்துக்கொண்டாரோ.

எண்ணூர் தாண்டியதும் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரி வரிசை தொடங்கியது. எர்ணாவூர் நெருங்கும்போது மணி 11.20. ஒவ்வொரு மிதிக்கும் காலுக்குள் தண்ணீர் சளக் சளக் என்றது. பிறகு எரிந்தது. போன வருடம் புண் வருவதற்கு முன்னால் எரிந்த அதே இடம். ராயபுரத்துக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர். வாய் திறந்தால் இங்கேயே எல்லோர் முன்னாலும் கழற்றவேண்டும். திறக்காவிட்டால் தோல் கிழியும். நான் பெல்லை அடித்தேன்.

அக்கா திரும்பினார். "இன்னாம்மே?"

"அக்கா, காலைக் கழட்டணும். ரெண்டு எடத்துல கழட்டல."

"அடிப்பாவி, வாய் கீதா உனுக்கு! ரெண்டு நாளா ஊமையோடன்னு நெனச்சுக்கினு வரேன்."

ஒரு லாரியின் நிழலில் ஒதுங்கினோம். சக்கரத்துக்குப் பக்கத்தில் ஸ்டவ் வைத்து நாமக்கல்கார டிரைவர் சோறு வடித்துக்கொண்டிருந்தார். "பஞ்சருங்களா?" என்றார்.

"சைக்கிள் நல்லாத்தான் கீது நைனா. இவ காலுதான் பஞ்சர்."

அவர் தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப்போட்டு, "இதுல உக்காருங்க கண்ணு" என்றார். உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு காலை இழுத்தேன். அக்கா அதை வாங்கித் தலைகீழாகப் பிடிக்க, அரை டம்ளர் வியர்வை மண்ணில் கொட்டியது. முழங்காலுக்குக் கீழே ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்திருந்தது. அக்கா விரலால் அழுத்தி எடுத்தார். வெளுத்தது, மறுபடி சிவந்தது.

"தோலு கியியல. பொயச்ச போ! இன்னும் ஒரு கல்லு தூரம் மிதிச்சிருந்தா கலீஜாயிருக்கும்."

எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. டிரைவர் பானையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "காயட்டுமுங்க, அவசரமில்லீங்க. இந்த வரிசை நாளைக்குத்தான் நகரும்" என்று ஆளுக்கொரு தட்டு ரசம்சோறு கொடுத்தார். நாற்பது நிமிடம் ஒற்றைக் காலோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். வரிசையில் எத்தனையோ பேர் கடந்துபோனார்கள். ஒருவர் மட்டும் நின்று, ஊறுகாய் இருக்கிறதா என்று டிரைவரிடம் கேட்டார்.

காய்ந்த சாக்ஸ் மாட்டி, திருவொற்றியூர், டோல்கேட் வழியாக மெதுவாக மிதித்து 1.30க்கு ராயபுரம் சேர்ந்தோம்.

இந்த வழியில் போக நினைப்பவர்கள் ஞாயிறன்று போங்கள். லாரிகள் அன்றும் நிற்கும், ஆனால் எதிரே வருவது குறைவு. நிற்கும் இரண்டு லாரிகளுக்கு நடுவே புகாதீர்கள், டிரைவர் கண்ணுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். செயற்கைக் கால் இருந்தால் நான்கு சாக்ஸ், ஒரு பருத்தித் துண்டு கையோடு வைத்துக்கொள்ளுங்கள், சாமான் ஏற்றிக் கூட வரும் வேனில் போடாதீர்கள். பத்து கிலோமீட்டர் என்றால் பத்துதான். மறைவிடம் கிடைக்காவிட்டாலும் பத்துதான்.

எங்கள் தெருமுனை அடிபம்பில் அம்மா குடத்தோடு நின்றிருந்தாள், கூட நாலைந்து பெண்கள். "இன்னாடி, புண்ணு வந்துச்சா?" என்று அங்கிருந்தே கத்தினாள்.

"வரலம்மா."

"உன்னிய எனக்குத் தெரியாது? மறைப்ப. வூட்டுக்கு வா, கதவச் சாத்திக்கினு பாக்கறேன்."

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, பம்பு மேடையில் உட்கார்ந்து காலைக் கழற்றினேன்.