கத்தாருக்குப் போகாத மகன்

போன ஞாயிறு பின்நேரம் ஆரையம்பதியில், என் சிநேகிதி புனிதத்தின் வீட்டில் இருந்தேன். வாவிக்கரை வீடு. தண்ணீர் அசையவில்லை. வானம் மேலே இருக்கிறதா, கீழே கிடக்கிறதா என்றே தெரியவில்லை. அந்த வெளிச்சத்தில் எல்லாமே பாதிக் கனவு போல இருந்தது... வலைக்கம்புகள், நீர்க்காகம், வாசல்படியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அவளுடைய மகன் ரமணன்கூட.

ரமணன் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்தவன். வேலை நேரத்தில் நித்திரை கொள்ளாமல் இருக்க ஒரு கூட்டாளி கொடுத்ததுதான் ஐஸ் என்ற போதைப்பொருள். பிறகு அது இல்லாமல் அவனால் எழும்பவே முடியவில்லை. தங்கச்சி அறையைப் பூட்டிக்கொண்டு படித்தாள். தகப்பன் மகனோடு கதைப்பதை விட்டார். புனிதம் மட்டும், கேட்டவர்களுக்கெல்லாம் அவனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவனேதான் தாயிடம் வந்து, தன்னால் ஏலாது, எங்கேயாவது கொண்டுபோய் விடுங்கள் என்று அழுதானாம். மறுவாழ்வு நிலையத்தில் சேர்த்தார்கள். ஊருக்கு? பிள்ளை கத்தாருக்குப் போய்விட்டான்.

சீனி வருத்தம், பிரஷர் என்றால் சந்தையில் நின்று சொல்வோம். இந்த வருத்தத்துக்கு மட்டும் — பாஸ்போர்ட்!

அன்று பக்கத்து வீட்டு ராசம்மா மாமி வந்தார். திரும்பி வந்திருந்த ரமணனைக் கண்டதும் கத்தாரில் வெயில் எப்படி என்று விசாரித்தார். புனிதம் முந்திக்கொண்டு, சரியான வெயிலாம் என்று தொடங்கினாள்.

"காணும் அம்மா, விடுங்க," என்றான் ரமணன். பிறகு மாமியைப் பார்த்தான். "நான் கத்தாருக்குப் போகல்ல மாமி. ஐஸ் பாவிச்ச நான். அத விடத்தான் போயிருந்த நான்."

உள்ளே இருந்த தகப்பன் வந்து, மகனுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். தோளோடு தோள் முட்ட.

மாமி திரும்பிப் போய்விடுவார், பொழுதுபடுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அவர் போகவில்லை. வாவியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எங்க மனே இரிக்கி அந்த இடம்? எங்கட சின்னவனையும் கொண்டு போகணும்."

ரமணன் கோப்பையைக் கீழே வைத்தான். "நானும் வாறன் மாமி. முதல் ஒரு கிழமைதான் கஷ்டம்."

மாமிக்குப் பயந்து புனிதம் மறைத்திருக்கிறாள். புனிதத்துக்குப் பயந்து மாமி மறைத்திருக்கிறார். நடுவில் இருந்தது — ஒரு தென்னோலைக் கிடுகு வேலி.