தானாகத் திரும்பிய வளையம்

எண்பதுகளின் நடுவில், நாங்கள் வேலூர் சத்துவாச்சாரியில் குடியிருந்தபோது நடந்தது இது. அப்போது எனக்கு மேல்விஷாரத்தில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை. பதனிட்டு வரும் தோல்களைத் தரம் பிரிப்பேன். முள் கீறல், கத்தி பட்ட இடம், உண்ணி கடித்த தழும்பு என்று மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாததெல்லாம் என் விரலுக்குத் தெரியும் என்று எனக்கொரு கர்வம். குண்டூசி முனை அளவு குறை இருந்தாலும் தோலை ஒதுக்கிவிடுவேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்வேன்.

அந்தச் சமயத்தில்தான் இரண்டு கை மாறி வந்த ஒரு பியட் காரை வாங்கினோம். வார நாட்களில் நான் ஸ்கூட்டரில் போய்விடுவேன், கார் வாசலில் வெயில் காயும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அதில் ஆம்பூருக்குப் புறப்படுவோம். அங்கேதான் என் மாமியார் வீடு. மனைவி முன்னால் என் பக்கத்தில், எட்டு வயது மகள் பின்னால்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் எங்களுக்குள் பெரிய சண்டை எதுவும் வந்ததில்லை. ஆனால் நான் பேசுவதை அவள் மதிப்பதில்லை என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு மனத்தாங்கல் இருந்தது. ஆஸ்பத்திரி வேலைக்கு நான் கொண்டுபோய் விடும்போது ஸ்கூட்டரில் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து வருவாள். நான் எதைச் சொன்னாலும் ‘ம்’ என்பாள். காரிலும் அதே ‘ம்’தான். சில நேரம் அதுவும் வராது, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். “இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுடறே நீ” என்று எத்தனை முறை சொல்லியிருப்பேனோ தெரியாது. வீட்டில் நாலு வேலைக்கு நடுவே இது அவ்வளவாக உறைக்கவில்லை. காரில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பேசாமல் போவது மனசை அறுத்தது. பேச்சுத் துணைதான் இல்லை, பாட்டுத் துணையாவது இருக்கட்டும் என்று கார் ஸ்டீரியோ தேட ஆரம்பித்தேன்.

தேடினேன் என்றால் சும்மா இல்லை. தொழில் புத்தி விடுமா? தெரிந்தவர்கள் கார்களில் எல்லாம் ஏறி உட்கார்ந்து கேட்டேன். உள்ளூர் செட் ஒன்று, ஒரே ஸ்பீக்கர், பாட்டு டப்பாவுக்குள்ளிருந்து வருவதாகத் தோன்றியது. இன்னொன்றில் சத்தம் ஜாஸ்தி, சங்கீதம் கம்மி. கடைசியில் என்னோடு வேலை பார்த்த மேல்விஷாரத்து பாய் ஒருவர், தன் மச்சான் ஜெத்தாவிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் செட் ஒன்று பெட்டி பிரிக்காமல் இருப்பதாகச் சொன்னார். இரண்டு ஸ்பீக்கர், கேசட் தானாகவே மறுபக்கம் பாடும். அன்றைக்கே வாங்கிவிட்டேன்.

வேலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கார் எலக்ட்ரிக் வேலை செய்பவர் ஒருவர் இருந்தார். அவர்தான் இரண்டு முன் கதவுகளிலும் ஓட்டை போட்டு, ஆளுக்கொரு பக்கமாக ஸ்பீக்கர்களைப் பொருத்தினார். வால்யூம் குமிழுக்குப் பின்னால் மோதிரம் மாதிரி ஒரு வளையம் இருந்தது. இடது பக்கம் திருப்பினால் இடது கதவு பாடும், வலது பக்கம் திருப்பினால் வலது கதவு. நடுவில் வைத்தால் ‘டக்’கென்று மெல்ல ஒரு தட்டுத் தட்டி நிற்கும், இரண்டும் சமமாகப் பாடும்.

செட்டோடு, சத்தத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு கேசட் வந்திருந்தது. அதில் ஒரு ரயில், இடது கதவில் புறப்பட்டுக் காருக்குள்ளேயே ஓடி வலது கதவு வழியாகப் போகும். எனக்குப் புல்லரித்துவிட்டது. மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். ரயில் வந்தது, போனது. அவள் “ம், நல்லாருக்குங்க” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க இறங்கிப் போய்விட்டாள். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்த விசித்திரம் ஆரம்பித்தது. ஞாயிறுதோறும் புறப்படும்போது வளையத்தை நடுவில் வைப்பேன். ஆம்பூர் போய்ச் சேரும்போது அது இடது பக்கம் திரும்பியிருக்கும். பாட்டு முழுவதும் மனைவி பக்கத்துக் கதவிலிருந்துதான் வரும். முதலில் சாலைக் குலுங்கலில் திரும்புகிறது என்று நினைத்தேன். தோலில் குறி போடும் வெள்ளைப் பென்சிலால் நடு இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். அடுத்த வாரமும் புள்ளி ஒரு பக்கம், வளையம் ஒரு பக்கம். ஒரு நாள் மாலை நானே தனியாகப் பள்ளிகொண்டா வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தேன். இருக்கிற பள்ளத்தில் எல்லாம் இறக்கி ஏற்றினேன். வளையம் அசையவே இல்லை. எனக்கு அது பெரிய புதிராகிவிட்டது. தோல் பிரிக்கும்போதுகூட அந்த வளையம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

செட் போட்டவரிடம் போய்க் கேட்டேன். அவர் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது தானா திரும்பாது சார். யாரோ கை வெக்கிறாங்க” என்றார். மகள் மேல் சந்தேகப்பட்டுக் கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். குழந்தை பாவம், தூங்கிக்கொண்டு வந்தாள்.

அப்படிப் பார்த்துக்கொண்டே போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிகொண்டா தாண்டியதும் மனைவி கைக்குட்டையை எடுத்து, தூசி துடைப்பதுபோல் செட்டின் மேல் வைத்தாள். கையை எடுக்கும்போது பாட்டு அவள் பக்கம் போய்விட்டிருந்தது. “அத ஏன் திருப்பறே?” என்று கேட்டேன். பதில் இல்லை. வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நான் ஆசையாகத் தேடி வாங்கியதையும் வேண்டுமென்றே கெடுக்கிறாள் என்று தோன்றியது.

ஆம்பூரில் ரயில்வே கேட் மூடியிருந்தது. இன்ஜினை நிறுத்தினேன், பாட்டையும் நிறுத்தினேன். மகள் பின்னால் கண்ணை மூடியிருந்ததால் குரலைத் தாழ்த்தி, “உன்னத்தான் கேக்கறேன், அந்த வளையத்த ஏன் திருப்பறே?” என்றேன். அவள் திரும்பவே இல்லை. இனி தாங்காது என்று கதவைத் திறந்து இறங்கிச் சுற்றிக்கொண்டு அவள் ஜன்னலுக்குப் போனேன். அதே கேள்வியை அதே தாழ்ந்த குரலில் கேட்டேன். உடனே நிமிர்ந்தாள். “எந்த வளையம்?” என்றாள். முகம் வெளுத்துவிட்டது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தோலை வெளிச்சத்தில் ஒரு பக்கமாகப் பார்த்துவிட்டு, அப்படியே திருப்பி எதிர்ப்பக்கமாகவும் பார்ப்போம். ஒரு பக்கமிருந்து தெரியாதது மறுபக்கமிருந்து தெரியும். அது ஏனோ அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது. திரும்பி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். நேரே முன்னால் பார்த்துக்கொண்டு, சாதாரணக் குரலில், “உங்க அம்மா அதோ வர்றாங்க பாரு” என்றேன்.

மனைவி அசையவில்லை. பின்னாலிருந்து மகள்தான் எழுந்து எட்டிப் பார்த்தாள். “எங்கப்பா ஆயா?” என்றாள். பிறகு ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்: “அம்மாவுக்கு இந்தப் பக்கம் சொன்னா கேக்காதுப்பா. அந்தப் பக்கம் போய்ச் சொல்லணும். உங்களுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. என் எட்டு வயதுக் குழந்தைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. மகள் எதையாவது கேட்க வேண்டுமென்றால் எப்போதும் அம்மாவின் இடது பக்கமாகப் போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

ரயில் போனது, கேட் திறந்தது. நான் காரை ஓரமாக ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு மறுபடியும் இறங்கி அவள் பக்கம் போய் நின்றேன். நாங்கள் இருவரும் தன்னைப் பார்த்த பார்வையிலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டிருந்தது. மடியைப் பார்த்தபடியே பேசினாள்.

“எட்டு வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. அதோட இந்தப் பக்கம் சுத்தமாப் போய்டுச்சு. பொண்ணு பாக்க வந்தப்ப, கேட்டா சொல்லு, கேக்கலன்னா விடுன்னாங்க அம்மா. நீங்க கேக்கல.”

“அதுக்கப்புறமாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“பொட்டு அளவு குறைக்குத் தோல ஒதுக்கிட்டேன்னு தெனம் வந்து சொல்றீங்க. அப்புறம் எப்டிங்க சொல்றது?”

டாக்டரிடம் காட்டலாமே என்று எதையோ சொன்னேன். அவள் ஆஸ்பத்திரி ரெக்கார்டு செக்‌ஷனில்தான் வேலை பார்த்தாள். எப்போதோ தனியாகப் போய்க் காட்டிவிட்டாளாம், நரம்பு போய்விட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அதையும் என்னிடம் சொல்லாமல், வழக்கம்போல் சாயங்காலம் வந்து எனக்கு டிபன் செய்து வைத்திருக்கிறாள். இரண்டு கதவும் சேர்ந்து பாடினால் தனக்கு வெறும் இரைச்சலாகத்தான் வருகிறது என்றும், தன் பக்கம் மட்டும் பாடினால் வார்த்தை புரிகிறது என்றும் சொன்னாள். “அன்னிக்கு ரயில் போட்டுக் காட்னீங்களே, அது வந்துச்சு. பாதியில எங்க போச்சுன்னுதான் தெரியல” என்றாள். பிறகு, லேசாகச் சிரித்துக்கொண்டு, “இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விடறேம்பீங்களே, எனக்கு அந்தக் காதே இல்லீங்க” என்றாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்குக் கண் கலங்கியது.

ஸ்கூட்டரிலும் சரி, காரிலும் சரி, என் பக்கம் இருந்தது அவளுடைய வலது காதுதான். பதினோரு வருடமாக நான் மூடிய கதவிடம் பேசிவிட்டு, வீட்டில் ஆளில்லை என்று குறை சொல்லியிருக்கிறேன்.

அடுத்த நாள் காரிலேயே வேலைக்குப் போனேன். மத்தியானம் பாயிடம் சாவியைக் கொடுத்து ஓட்டச் சொன்னேன். நான் வலது காதில் பஞ்சை அடைத்து, விரலாலும் அழுத்திக்கொண்டு இடது பக்கம் உட்கார்ந்தேன். வளையத்தை அவள் வைப்பதுபோல் இடது பக்கம் திருப்பினேன். வழக்கமாக நான் கேட்கிற பாட்டுதான், ஆனால் அதில் வயலினைக் காணோம். அது வலது கதவில் மட்டும் வருகிற வயலின். இரைச்சலுக்கு நடுவே பாய் ஏதோ சொன்னார். பாதிதான் காதில் விழுந்தது. மறுபடி கேட்கக் கூச்சமாக இருந்தது. என்னை அறியாமல் ‘ம்’ என்றேன். அந்த ‘ம்’ என் வாயிலிருந்து வந்ததும் விரலை எடுத்துவிட்டேன். வண்டியை நிறுத்தச் சொன்னதும் பாய் பயந்துபோய், உடம்புக்கு இன்னா என்று கேட்டார்.

அன்று சாயங்காலமே வேலூர் போய், இரண்டு கதவிலும் ஒரே மாதிரி முழுப் பாட்டும் வரவேண்டும், வழி இருக்கிறதா என்று கேட்டேன். செட் போட்டவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். உள்ளே இரண்டு வயரைச் சேர்த்துவிட்டால் ஆகும் என்றார். “அதுக்கு இன்னாத்துக்கு சார் ஸ்டீரியோ வாங்கினீங்க? எல்லாரும் ரெண்டா வேணும்னு வர்றாங்க, ஒண்ணாக்குங்கன்னு வந்தவரு நீங்க ஒருத்தர்தான்” என்று சிரித்துக்கொண்டே வயரைப் பற்றவைத்தார். எத்தனையோ பேரிடம் பெருமையடித்த அந்த ரயில், அதன்பிறகு எங்கள் காரில் ஓடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். என்ன செய்திருக்கிறேன் என்று நான் சொல்லவில்லை. பள்ளிகொண்டா தாண்டியும் அவள் கைக்குட்டையை எடுக்கவில்லை. நானாகவே வளையத்தை அவள் பக்கம் திருப்பிவிட்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் முகத்தைத் திருப்பி, “ஏங்க, இந்தப் பாட்டுல வயலின் இருக்குதா? இத்தினி நாளா எனக்குத் தெரியலயே” என்றாள். அவள் கையைத் தொட்டு, அவள் பார்த்ததும் தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்தக் காரையும் செட்டையும் விற்று எத்தனையோ வருடமாகிவிட்டது. இப்போது நாங்கள் நடக்கும்போது நான் அவளுக்கு இடது பக்கமாகத்தான் நடப்பேன். அவள் பேசுகிறாள், ஓயாமல் பேசுகிறாள். சண்டை வந்தால் மட்டும் நல்ல காதைத் தலையணையில் அழுத்திப் படுத்துக்கொள்வாள், அதன்பிறகு நான் கத்தினாலும் பிரயோஜனமில்லை. ஆனால் வேறு யாராவது நான் சொன்னதற்குப் பதில் சொல்லாமல் இருந்தால், கோபப்படுவதற்கு முன்னால் எழுந்துபோய் அவர்களின் மறுபக்கம் நின்று இன்னொரு தரம் சொல்லிப் பார்க்கிறேன்.