கயிற்று முக்கோணம்

கணக்கு டீச்சர் வேலையில் பரீட்சைக்கு முந்திய மாதம் எப்படியிருக்கும் என்று, சாக்பீஸ் பிடித்த உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. யுத்த சமயம் வேறு. திருவனந்தபுரத்தில் நான் வேலை பார்த்த பெண்கள் ஹைஸ்கூலில் மாதிரிப் பரீட்சை வைக்கக் காகிதம் இல்லை. அதனால் கடைசி வகுப்பான ஆறாம் பாரத்துப் பெண்களை மும்மூன்று பேராக ஒரே சிலேட்டோடு உட்காரவைத்து, பழைய பாடங்களைத் தங்களுக்குள்ளேயே பேசித் திருப்பிப் பார்க்கச் சொன்னேன்.

மூன்று பேருக்கு ஒரு சிலேட்

மூவரில் யாரையாவது போர்டுக்குக் கூப்பிடுவேன். அவள் வாங்கும் மார்க்தான் மூவருக்கும். கோட்டைக்குள் அக்ரஹாரத்திலிருந்து வரும் விசாலம் கணக்கில் புலி. அவளோடு சாரதாவையும், சாலைக் கடைத்தெரு அரிசி வியாபாரியின் மகள் பொன்னம்மாளையும் சேர்த்தேன்.

பொன்னம்மாள் தேற்றங்களை நெட்டுருப் போடுகிறவள். படத்தில் ஏ, பி, சி இருந்தால் ஒப்பித்துவிடுவாள். எக்ஸ், ஒய், இஸட் என்று மாற்றினால் திருதிருவென்று விழிப்பாள். சர்க்கார் பரீட்சைக்கு யாரை அனுப்புவது என்று முடிவுசெய்யும் செலக்‌ஷன் பரீட்சையில் தவறினால் படிப்பை நிறுத்திவிடுவதாக அவள் அப்பா சொல்லியிருந்தார். முதல் நாளே அவளைக் கூப்பிட்டேன். மூவருக்கும் பூஜ்யம். விசாலத்துக்குக் கண் நிரம்பிவிட்டது.

"நேக்குத் தெரிஞ்ச கணக்குக்கு நேக்கே மார்க் இல்லேன்னா, இது என்ன நியாயம் டீச்சர்?"

கிணற்றடியில் ஒரு தேற்றம்

கோபம் இரண்டு நாள் இருந்தது. பிறகு விசாலமே, எழுத்துதான் இவளைக் குழப்புகிறது என்று கண்டுபிடித்து, மத்தியானம் இருவரையும் முற்றத்துக்கு இழுத்துப் போனாள். கிணற்றுக் கயிற்றின் நடுவைப் பொன்னம்மாள் கையில் கொடுத்து, இரு நுனிகளையும் தானும் சாரதாவுமாகப் பிடித்து விறைப்பாக நின்றாள். இருசமபக்க முக்கோணம். "எங்க ரெண்டு பேர் கோணமும் சமம். ஏன், சொல்லு!"

பொன்னம்மாள் வெகுநேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜன்னலில் நின்ற நான், புத்தகத்தில் உள்ளபடி நடுவே ஒரு கோடு போடுவாள் என்று காத்திருந்தேன். அவள் கோடே போடவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் இடம் மாறி நின்னாலும் இதே முக்கோணம்தானே? பின்னே கோணம் மட்டும் எப்படி வேற ஆகும்?"

ஹெட்மிஸ்ட்ரஸ் அறை

செலக்‌ஷன் பரீட்சையில் அதே தேற்றம் வந்தது. பொன்னம்மாள் தன் வழியிலேயே எழுதிவிட்டாள். தாள் திருத்திய ஹெட்மிஸ்ட்ரஸ், புத்தகத்தில் இல்லாத நிரூபணம் என்று பூஜ்யம் போட்டார். அந்த ஒரு கேள்வியால் அவள் தவறிப்போனாள். நான் பேசப் போவதற்குள் விசாலம் அந்த அறைக்குள் நின்றிருந்தாள்.

"எந்த வரி தப்புன்னு காட்டுங்கோ மேடம், நாங்க போயிடறோம்."

ஹெட்மிஸ்ட்ரஸ் முகம் சிவந்தது. தாளைப் பிரித்தார், படித்தார், மறுபடி முதலிலிருந்து படித்தார். வெளியே பொன்னம்மாள் தூணைப் பிடித்தபடி நின்றிருந்தாள். கடைசியில் ஹெட்மிஸ்ட்ரஸ் சிவப்பு மையை எடுத்துப் பூஜ்யத்தை அடித்தார்.

"எவ்வளவு தேடியும் தப்பு காணலை. முழு மார்க் போட்டாச்சு, ரெண்டு பேரும் கிளாஸுக்குப் போங்க."

சொல்லிக்கொடுத்ததும் விசாலம், வாதாடியதும் விசாலம்; நான் ஜன்னலில் நின்றதோடு சரி. டீச்சருக்கு யாரும் மார்க் போடுவதில்லை என்பதுதான், அந்த வருஷம் எனக்கு நன்றாகப் புரிந்த எங்கள் தொழிலின் பெரிய சௌகரியம்.