சாமி பிரேக்

எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் நான் நல்லவளாக வருகிற இடம் அநேகமாக ஒன்றும் இல்லை.

மலேசியாவின் ஈப்போவில் ஒரு பஸ் கம்பெனியில் எனக்கு வேலை. பழைய தோட்டப் பகுதிகளிலிருந்து தொழிற்சாலை ஆட்களை விடிகாலையில் ஏற்றி வந்து, மாலையில் திரும்பக் கொண்டுபோய் விடுகிற பஸ்கள் எங்களுடையவை. ஒவ்வொரு பஸ்ஸிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி உண்டு. பஸ் எங்கே இருக்கிறது, என்ன வேகத்தில் போகிறது, டிரைவர் எங்கே சடாரென்று பிரேக் மிதித்தார் என்பதையெல்லாம் அது உடனுக்குடன் என் மேசைக் கணினிக்கு அனுப்பிவிடும். அவசர பிரேக் என்றால் வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். காலையில் வந்ததும் அந்தப் புள்ளிகளைப் பார்ப்பதுதான் என் முதல் வேலை.

புள்ளிகளை வைத்து டிரைவர்களுக்கு மதிப்பெண் போடுவோம். அதிகம் பிரேக் மிதித்தவருக்கு எச்சரிக்கைக் கடிதம் போகும். அதை அடிப்பது நான்தான். அதே புள்ளிகளை வைத்து இடங்களின் பட்டியல் ஒன்றும் தயாராகும். பல டிரைவர்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அவசர பிரேக் போட்டால், கோளாறு டிரைவரிடம் இல்லை, சாலையில் இருக்கிறது என்று பெட்டி மாட்ட வந்தவர்கள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தப் பட்டியலை மாதாமாதம் சாலை அலுவலகத்துக்கு அனுப்புவோம். சும்மா சொல்லக்கூடாது, அவர்களும் பார்த்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் சுட்டிக்காட்டிய இடத்தில் வேகத்தடை போட்டார்கள். அடுத்த மாதம் அங்கே ஒரு புள்ளிகூட இல்லை. ஏதோ நானே தார் ஊற்றிப் போட்ட மாதிரி ஒரு வாரம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்த வளைவில் புள்ளிகள் விழத் தொடங்கின.

அது நான் பிறந்த தோட்டத்துச் சாலை. ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள், நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்தார்கள், ஈப்போவை ஒட்டிய சிலிபினுக்குக் குடிவந்தோம். வளைவில் இருந்த முனியாண்டி கோயில் மட்டும் அதே தகரக் கூரையோடு இன்னும் நிற்கிறது. அந்த வழியாகப் போகிற எந்தத் தமிழ் டிரைவரும் அங்கே வேகத்தைக் குறைத்து, இரண்டு ஹாரன் அடிக்காமல் போகமாட்டார். என் அப்பா தோட்டத்தில் லோரி ஓட்டியவர். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். ஆனாலும் அப்பா ஹாரன் அடிப்பார். "நம்ம சாமி வேற, ரோட்டுச் சாமி வேற" என்பார்.

எங்கள் முதலாளி சீனர். எல்லோரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒருநாள் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டு, "என்ன இது, ஒரே இடத்துல இவ்வளவு சிவப்பு?" என்று மலாயில் கேட்டார். நான் சிரித்தேன். அங்கே சாமி இருக்கிறது, டிரைவர்கள் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள், இது சாமி பிரேக் என்று விளக்கினேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சாமி பிரேக், சாமி பிரேக்" என்று சொல்லிக்கொண்டே தன் அறைக்குப் போனார்.

அந்தக் கணினியில் ஒரு வசதி உண்டு. வரைபடத்தில் ஓர் இடத்தைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டால் அது பட்டியலில் வராது. டோல் சாவடி, பஸ் நிறுத்துகிற கொட்டகை மாதிரி இடங்களுக்காக வைத்தது. நான் முனியாண்டியைச் சுற்றி வட்டம் போட்டேன். யாரையும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாத வளைவா, எனக்குத் தெரியாத சாமியா!

மலாய்க்கார டிரைவர் ஒருவரும் அங்கே பிரேக் மிதித்திருந்தார். சீன டிரைவர் ஒருவரும்தான். அதையும் பார்த்தேன். முனியாண்டிக்குப் பயப்படாதவர் யார் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். என் அறிவைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வட்டம் போட்டது இடங்களின் பட்டியலுக்கு மட்டும்தான். டிரைவர்களின் மதிப்பெண்ணில் அந்த பிரேக்குகள் அப்படியே ஏறிக்கொண்டிருந்தன. அது எனக்குத் தெரியும். கும்பிடுகிறவர்கள் கொஞ்சம் மெதுவாகக் கும்பிடட்டுமே என்று விட்டுவிட்டேன்.

அதில் அதிகம் மாட்டியவர், எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டிலிருந்த ஓர் அண்ணன். என்னைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவர். தினமும் காலையில் அந்த வழியில் பஸ் ஓட்டுவது அவர்தான்; மற்றவர்கள் அவ்வப்போது மாறி மாறி வருவார்கள். எச்சரிக்கைக் கடிதம் வாங்க வந்தவர் என் மேசைக்கு முன்னால் நின்றபடியே அதைப் படித்தார்.

"தங்கச்சி, அந்த வளைவு சரியில்லலா. கொஞ்சம் மேல சொல்லிப் பாரேன்."

"தெரியும்ணே. முனியாண்டிக்குக் கும்புடு போடுறீங்க. நல்லா கும்புடுங்க, ஆனா கால மெதுவா வச்சிக் கும்புடுங்க. இந்தப் பெட்டி கோவிச்சிக்குது."

அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். பிறகு மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் என் மேசையில் போன் அடித்தது, நான் எடுத்துவிட்டேன். அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. என் வாயோடு போட்டிபோட அவரால் முடியாது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அவருடைய பஸ் அந்த வளைவில் நின்றுவிட்டதைத் திரையில் பார்த்தேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், நகரவில்லை. அவருக்குப் போன் போட்டேன். பஸ்ஸில் வந்த பெண் ஒருவர் எடுத்தார். அழுதுகொண்டே இருந்தார்.

வளைவு முடிகிற இடத்தில், செம்பனைக்குள்ளிருந்து குலை ஏற்றிய லோரி ஒன்று திடீரென்று சாலைக்குள் மூக்கை நீட்டியிருக்கிறது. அண்ணன் பிரேக் மிதித்திருக்கிறார். நனைந்த சாலை, அதில் லோரிச் சக்கரங்கள் இழுத்துவந்த சேறு வேறு. பஸ் வழுக்கிக்கொண்டு போய்ச் சாலையோரச் சாக்கடைக் கானில் இறங்கிச் செம்பனையில் மோதியது. முன்கண்ணாடி வழியாக ஒரு பெண் வெளியே போய் விழுந்தார். கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. அண்ணனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. லோரிக்கு ஒரு கீறல்கூட இல்லை. தான் ஓரத்திலேயே நின்றதாக லோரிக்காரன் சாதித்துவிட்டான்.

போலீஸ் வந்து டிரைவரின் பழைய பதிவுகளைக் கேட்டது. தவுக்கே பயந்துபோய் மதிப்பெண் காகிதங்களையும் நான் அடித்த கடிதங்களையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். கம்பெனியிலேயே மோசமான மதிப்பெண் அண்ணனுடையது. 'முரட்டுத்தனமாக ஓட்டுகிறார், திருந்தவில்லை' என்று அதில் அடித்திருந்தது இந்த விரல்கள்தான். அவர் மேல் வழக்குப் போடுவார்கள், லைசென்ஸ் போய்விடும், சிறைக்கும் போகலாம் என்று பேசிக்கொண்டார்கள். ஐம்பதைத் தாண்டியவர். பஸ் ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது.

அன்று மத்தியானம் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்து அந்த வட்டத்தை எடுத்துவிட்டுப் பார்த்தேன். புள்ளிகள் கோயிலுக்கு நேரே விழவே இல்லை. கோயிலைத் தாண்டி, வளைவு முடிகிற இடத்தில் குவிந்து கிடந்தன. அதுவும் ஈப்போவை நோக்கி வருகிற பக்கத்தில் மட்டும். மாலையில் திரும்பிப் போகிற பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. காலையில் மட்டுமா முனியாண்டிக்குக் கும்பிடு? பின்னோக்கிப் பார்த்தேன். சில மாதங்களுக்கு முன்னால் அந்த இடத்தில் எதுவுமே இல்லை. கோயில் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிறது. செம்பனைக்குள்ளிருந்து லோரிப் பாதை வெட்டியதுதான் புதிது.

சாமிக்கு ஹாரன் அடிக்கிறவர் காலை மெதுவாக எடுப்பார். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! உயிருக்குப் பயந்தவர்தான் இப்படி மிதிப்பார். அந்தக் கோயிலைப் பற்றி ஒன்றும் தெரியாத யாராவது என் நாற்காலியில் இருந்திருந்தால், முதல் மாதமே பட்டியலில் அந்த இடம் போயிருக்கும். எல்லாம் தெரிந்த நான் இருந்தேன், அதனால் போகவில்லை. மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.

எல்லாவற்றையும் அச்செடுத்துத் தவுக்கேயிடம் காட்டினேன். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தார். "ரெண்டு பேரும்தான் சிரிச்சோம்" என்றார் கடைசியில். பிறகு, "வரைபடத்தக் கொடுத்துடு, அவரக் காப்பாத்து. ஆனா சிஸ்டம் அந்த எடத்த விட்டுடுச்சுன்னு மட்டும் சொல்லு, போதும்" என்றார். நான் தலையாட்டினேன். பெரிய வாய்க்காரி, அன்றைக்கு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. போலீஸ் பாலாயில், அதுதான் ஸ்டேஷனில், 'சிஸ்டம் அந்த இடத்தைப் பட்டியலில் சேர்க்கவில்லை' என்று எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

வரைபடம் வேலை செய்தது. மலாய்க்கார டிரைவரும் சீன டிரைவரும் வந்து, அந்த இடத்தில் தாங்களும் பலமுறை தப்பிப் பிழைத்ததாகச் சொன்னார்கள். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, பெட்டிதான் எல்லாவற்றையும் அனுப்புகிறதே, ஆபீசுக்குத் தெரியாமலா இருக்கும் என்றார்களாம். அண்ணன் மேல் வழக்கு இல்லை என்று ஆனது. சாலை அலுவலகத்தார் வந்து வளைவில் ஒரு பெரிய கண்ணாடி நட்டு, எச்சரிக்கைப் பலகை வைத்து, சாலையில் மஞ்சள் கோடுகள் போட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு நாள் வேலை. இரண்டே நாள்!

வழக்கு இல்லை என்று தெரிந்த வாரம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அண்ணி ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீ மட்டும் அந்தப் பேப்பர எடுத்துக் குடுக்கலன்னா எங்க கதி என்னா ஆயிருக்கும்மா? நீ நல்லா இருக்கணும்" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கையை இழுத்துக்கொள்ளவும் தைரியம் இல்லை.

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சிஸ்டம் விட்டுடுச்சின்னு சொன்னாங்க. சிஸ்டம்னா யாரு தங்கச்சி?"

"நாந்தாண்ணே" என்றேன்.

எப்படி வட்டம் போட்டேன், ஏன் போட்டேன் என்று முழுவதையும் சொன்னேன். அண்ணியின் பிடி தளர்ந்தது. அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

"திட்டுங்கண்ணே" என்றேன்.

"திட்டி என்னா ஆவப்போவுது? எனக்குக் காலுதான் போச்சி, உசுரு இருக்கு. அந்தப் பொம்பளையோட வூட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்லண்ணே."

"அப்புறம் இங்க வந்து என்னா பண்ற?"

அடுத்த நாள் போனேன். தோட்டத்தை விட்டு வந்தவர்களுக்காகக் கட்டிய மலிவு வீடுகளில் ஒன்று. வாசலில் பிள்ளைகளின் பள்ளிக் காலணிகள் காய்ந்துகொண்டிருந்தன. கதவைத் திறந்தவர் என் வயதுதான் இருப்பார். பஸ் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் உள்ளே வரச் சொன்னார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வாய் வராது என்று நின்றபடியே சொன்னேன்: பெட்டி தினமும் அந்த இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது, டிரைவரும் என்னிடம் சொன்னார், நான்தான் சாமி பிரேக் என்று கேலி செய்து பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். வெளியே போ என்று கத்துவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"அவ எப்பவும் கடைசி சீட்டுலதான் உக்காருவா" என்றார். "சன்னல்ல சாஞ்சி தூங்கிக்கிட்டே போவா. கொஞ்ச மாசமா அந்த எடத்துல பஸ்ஸு தெனமும் புடிச்சி நிக்கிது, மண்டைய இடிச்சிக்கிறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நாந்தான் சொன்னேன், முன்னால போய் உக்காருலா, அங்க கம்பி இருக்கு, புடிச்சிக்கலாம்னு. வேணாம்னா. நாந்தான் கட்டாயப்படுத்துனேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இத்தன நாளா நாந்தான் அவளக் கொன்னுட்டேன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்க்கா."