கொட்டகை நைட்டி

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் ஆஸ்டின் டவுனில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அண்ணி கை நீட்டிவிட்டாள். "தம்பி, அந்தச் சட்டைய அவுத்துக் குடுங்க. துவைக்காததுதான் வேணும்."

அண்ணன் மகளுக்கு ஒன்றரை வயது. தாய்ப்பாலை மறக்கடிக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அண்ணி டம்ளரை நீட்டினால் குழந்தை அதைத் தட்டிவிட்டு அவள் மடிக்குத் தாவுகிறது. அதற்கு முந்தின வாரம் நான் புகட்டியபோது மட்டும் மொத்தத்தையும் குடித்துவிட்டது. அதற்குத்தான் இந்தச் சட்டை. அண்ணி அதைப் புடவைக்கு மேலே போட்டு, பொத்தானையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து அம்மா சிரித்த சிரிப்பில் எனக்குக் காது சூடாகிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன். வெட்கக்கேடான கதைதான், உங்களிடம் சொல்வதற்கு என்ன.

தங்கவயலில் சுரங்கத்தை மூடியபின் அப்பா பெங்களூருக்கு வெளியே ஹெப்பகோடிக்கு வந்து, தொழிற்சாலைகளுக்குப் பின்னால் குத்தகை நிலத்தில் கொட்டகை போட்டார். நாலு பசு, கொஞ்சம் செம்மறி ஆடு. அவர் செத்துப்போனபிறகு அம்மா பார்த்துக்கொண்டாள். அண்ணன் எட்டாவதோடு நின்று ஆட்டோ ஓட்டப் போய்விட்டான். எங்கள் வீட்டில் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். அதனால் தவிட்டு மூட்டைமேல் என்ன எழுதியிருக்கிறது என்பதிலிருந்து பசு ஏன் அசைபோடவில்லை என்பதுவரை அம்மா என்னைத்தான் கேட்பாள். முக்கால்வாசி எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னதும் இல்லை. போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்துக்குப் பின்னால் போய்த் தேடிவிட்டு, தெரிந்தவன்போல வந்து சொல்வேன்.

பிறகு குடியாத்தம் பக்கத்திலிருந்து அண்ணி வந்தாள். என்னைவிட ஒரே ஒரு வயது பெரியவள், கையெழுத்து மட்டும் போடுவாள். ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அம்மா கொட்டகையிலிருந்து கூப்பிட்ட குரலுக்கு நான் எழுந்து பாதி தூரம் போனபிறகுதான் கவனித்தேன், அவள் கூப்பிட்டது என் பேரை இல்லை. "மல்லிகா, இங்க வந்து இத இன்னான்னு பாரு."

அப்போது பிறந்திருந்த கிடாரிக் கன்றுக்குப் 'பட்டு' என்று பேர் வைத்ததும் அண்ணிதான். பால் ஊற்றுகிற வீடு எங்களுடையது, கன்றைத் தாயின் மடியிலேயே விட்டுவைக்க முடியாது. வாளியில் குடிக்கப் பழக்கவேண்டும். நான் போனில் படித்திருந்தபடி சோப்புப் போட்டுக் கை கழுவி, பாலைப் பதமாகச் சூடு பண்ணி, கன்றின் தலையை வாளிக்குள் அழுத்தினேன். அது தும்மிய தும்மலில் பால் பாதி என் மூஞ்சியில்.

"குளிச்சிட்டீங்களா தம்பி?" என்றாள் அண்ணி. இரண்டு விரலைப் பாலில் நனைத்து அதன் வாயில் கொடுத்தாள். அது சப்பச் சப்ப, கையை மெதுவாக வாளிக்குள் இறக்கினாள். விரலை எப்போது உருவினாள் என்று எனக்கும் தெரியவில்லை, கன்றுக்கும் தெரியவில்லை. அது பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருந்தது. அம்மா கன்றைப் பார்க்கவில்லை, அண்ணியையே பார்த்தாள். அந்தப் பார்வையை நான் பரீட்சை ரிசல்ட் அன்றைக்கு மட்டுமே வாங்கியிருக்கிறேன்.

அதோடு விட்டதா? ஆட்டுக்குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கும் நாள் வந்தது. நான் குட்டிகளைத் தூக்கிப்போய்ப் புதுத் தட்டி அடைப்புக்குள் விட்டேன். இரண்டு நாள் ஒரே கத்தல், ஒரு வாய் தழை தின்னவில்லை. அண்ணி வந்து பார்த்தாள்.

"குட்டிங்கள ஏன் தம்பி எடம் மாத்துறீங்க? ஆயிங்கள ஓட்டிக்கினு போங்க. பழகின எடத்துலயே உட்டா, மூணு நாள் கத்தும். அப்புறம் திங்க ஆரம்பிச்சிடும்."

அப்படியேதான் ஆனது. வேப்பமரத்துக்குப் பின்னால் போய்த் தேடிப் பார்த்தேன். அங்கேயும் அதையேதான் எழுதியிருந்தார்கள். வயிறு எரிந்தது. பொறாமை என்று அப்போது ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். அண்ணிக்குச் சுத்தம் போதாது என்று அண்ணனிடம் சொன்னேன். அவன், "உனக்கு இன்னாடா பிரச்சன?" என்றான்.

அப்புறம் அண்ணி ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் ஊருக்குப் போனாள். அவள் பஸ் ஏறின சாயங்காலமே பட்டு வாளியைத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் காலையிலும் அப்படித்தான். கன்று கால் மடக்கிப் படுத்துவிட்டது. அம்மா போனை எடுத்தாள். "மல்லிகாவ வரச் சொல்றேன். கன்னு தாங்காது."

"சும்னே இரும்மா. நான் குடிக்க வைக்கிறேன்" என்றேன். வாய்தான் சொன்னதே தவிர வழி ஒன்றும் தெரியாது. விரல் கொடுத்தேன், முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. கையில் சோப்பு வாசம். அப்போதுதான் ஆணியில் தொங்கிய அந்த நைட்டி கண்ணில் பட்டது. கொட்டகை வேலைக்கென்றே அண்ணி வைத்திருந்தது, ஊதாப்பூப் போட்டது. சாணியும் தவிடும் புளித்த பாலும் அதில் ஊறிக்கிடக்கும். சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. பேண்ட் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டேன்.

பட்டு எழுந்தது. என் இடுப்பில் முட்டியது. விரலைப் பிடித்து, வாளிக்குள் இறங்கி, அடி தெரியக் குடித்தது. என் படிப்பெல்லாம் சேர்ந்து எனக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை. திரும்பினால் அம்மா நிற்கிறாள்.

"இன்னாடா கோலம் இது!"

யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சினேன். சரி சரி என்றவள் அந்த நிமிஷமே ஸ்பீக்கர் போட்டு அண்ணியிடம் சொன்னாள். அண்ணி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அத்த, நைட்டிய எங்கியும் கிழிக்கலியே?"

ஆஸ்டின் டவுனில் என் சட்டைக்குள் உட்கார்ந்து அண்ணி டம்ளரை நீட்டினாள். குழந்தை சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு மடமடவென்று குடித்தது. அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "பெத்தவ நானு. உங்க சட்டைக்குக் குடிக்குது. எரியுது தம்பி." எனக்குப் பரம திருப்தி. பொய் சொல்லமாட்டேன்.

அண்ணனின் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். என் அறை இன்னும் ஹெப்பகோடியில்தான், ஆபீஸ் பக்கம் என்பதால். குத்தகை நிலத்தை உடையவர் திருப்பி வாங்கிக்கொண்டார். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக்காரர்களின் கார்கள் வரிசையாக நிற்கின்றன. வேப்பமரம் இல்லை. ஆடுகள் சந்தைக்குப் போயின. பட்டு மாலூரில் யார் வீட்டிலோ கறக்கிறதாம். அண்ணன் அண்ணியையும் குழந்தையையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆஸ்டின் டவுனுக்குக் குடிபோனான்.

எட்டு மாதம் ஆகிறது. பழகின இடத்திலேயேதான் இருக்கிறேன், சாப்பாடெல்லாம் இறங்குகிறது. அம்மாவுக்குப் போன் போட்டால் எடுப்பது அண்ணி. "இருங்க தம்பி, குடுக்குறேன்" என்கிறாள். அம்மா கைக்குப் போன் போய்ச் சேரும்வரை அங்கே குழந்தையும் அண்ணியும் அம்மாவும் பேசிக்கொள்வது கேட்கிறது. குட்டி கத்துவது மூணு நாள் என்றுதான் அண்ணி கணக்குச் சொன்னாள்.